ஊருக்கெல்லாம் இரண்டே அடுப்பு

கண்ணாடித் தகட்டின் ஒரு முனையில் ஒரு சொட்டு ரத்தம். இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து, அதன் விளிம்பால் சொட்டைத் தொட்டதும் ரத்தம் விளிம்போரமாகக் கோடு போல ஓடுகிறது. உடனே ஒரே இழுப்பு. கை நடுவில் தயங்கினால் தகடு வீண். சரியாக இழுத்த தகட்டில் ரத்தம் தொடக்கத்தில் தடித்து, போகப் போக மெலிந்து, கடைசியில் கோழி இறகின் நுனி மாதிரி பிசிறடித்து முடியும். அந்த நுனிக்குச் சற்று உள்ளேதான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் படுத்திருக்கும். பார்க்க வேண்டிய இடம் அது.

திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரே ஒரு மைக்ரோஸ்கோப் உள்ள பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் எழுபத்துநான்கு வயதுப் பெரியவர் ஒருவர், மடியில் மஞ்சள் பை. முப்பது வருடமாகப் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். பதினான்கு கிலோமீட்டர் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "இந்த வாட்டி அடி அண்ணாமலை தாண்டுறதுக்குள்ளயே மூச்சு வாங்கிடுச்சுப்பா" என்றார். வீட்டில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: வயசாயிடுச்சு இல்ல.

அவருடைய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. தட்டணுக்களும் குறைவு. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் மட்டும் இருக்க வேண்டியதைவிட அதிகம். கீழே ஆர்.டி.டபிள்யூ என்று ஒரு வரி. சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் எண். யாரும் படிக்காத வரி அது. அதுவும் கூடுதலாக இருந்தது. "தாத்தா, இத டாக்டர்கிட்ட காட்டுங்க. மடிச்சு அலமாரில வெச்சுடாதீங்க" என்றார் டெக்னீஷியன்.

இந்த எண்களுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். வைட்டமின் பி12 குறைந்தால் சிவப்பணு பருத்துவிடும். காலமெல்லாம் சைவம் சாப்பிட்டவர்களுக்கு அது அடிக்கடி வரும். தைராய்டு, மது, சில மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். ஆனால் அந்தக் காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகும் சில முதியவர்களிடம் ஒன்று மிஞ்சுகிறது. இந்த அத்தியாயம் அந்த மிச்சத்தைப் பற்றியது.

ரத்தம் ஊறும் இடம் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை. குழந்தைக்கு எல்லா எலும்பும் வேலை செய்யும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு இவற்றில்தான் முக்கிய உற்பத்தி. ஒரு நாளைக்குச் சிவப்பணு மட்டும் ஏறத்தாழ 20,000 கோடி. கிருமிகளோடு முதலில் மோதுகிற நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு இன்னொரு 10,000 கோடி. நியூட்ரோஃபில் ரத்தத்தில் வாழ்வது ஒரு நாள் அளவுக்குத்தான். நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுப் படையின் பெரும்பகுதி நேற்றோ இன்றோ வந்து சேர்ந்தது. எண்பது வயதுக்காரரின் உடம்பில் ஓடுவதும் புத்தம்புதிய வெள்ளையணுதான். பிறகு முதுமை எங்கே ஒளிந்திருக்கிறது? அவற்றைப் பெற்ற தாயணுவில். மஜ்ஜைக்குள் உட்கார்ந்திருக்கும் குருத்தணுவில்.

அந்தக் குருத்தணுக்கள் மிகக் கொஞ்சம். 59 வயதான ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை அலசி 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, 50,000 முதல் 2 லட்சம் வரை. நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் கோடி அணுக்களும் இந்தக் கொஞ்சக் குடும்பங்களின் வாரிசுகள்.

கார்த்திகை தீபத்தன்று கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வழி நெடுக அன்னதானம். ஒரு பந்தலில் சாம்பார் சாதம், அடுத்ததில் பொங்கல், இன்னொன்றில் சுண்டல். யாரோ ஒருவர் உப்பைக் கூடப் போட்டுவிட்டாலும் ஊருக்கு ஒன்றும் ஆகிவிடாது. அடுத்த பந்தலில் சரியாக இருக்கும். இளமையில் மஜ்ஜை அப்படிப்பட்டது. ஆயிரக்கணக்கான அடுப்புகள், எந்த அடுப்பும் பெரிதில்லை.

அடுப்புகள் குறைந்தால்?

2022-இல் பீட்டர் கேம்பெல் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிறந்த குழந்தையிலிருந்து 81 வயதுவரை பத்துப் பேர். அவர்களுடைய 3,579 தனித்தனி அணுக்களை வளர்த்து, ஒவ்வொன்றின் மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்தார்கள். ஒரு குருத்தணு ஆண்டுக்கு ஏறத்தாழ 17 எழுத்துப் பிழைகளைச் சேர்த்துக்கொள்கிறது. டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் நேரும் கைப்பிசகு அது, யாருக்கும் விலக்கில்லை. பிழைகள் ஒரே மாதிரி இருந்தால் அந்த அணுக்கள் பங்காளிகள் என்று அர்த்தம். அப்படி வம்சாவளி வரைந்து பார்த்ததில், 65 வயதுக்கு உட்பட்டவர்களின் ரத்தம் எண்ணற்ற குடும்பங்களின் கலவையாக இருந்தது. 75-ஐத் தாண்டியவர்களிடமோ வெறும் 12 முதல் 18 குடும்பங்கள் சேர்ந்து மொத்த ரத்த உற்பத்தியில் 30 முதல் 60 சதவீதத்தைப் பிடித்துவிட்டிருந்தன. பத்துப் பேர் மட்டும்தானே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் படம் அத்தனை தெளிவு.

இதன் எல்லைக்கே போனவர் ஒரு பாட்டி. ஹென்ட்ரிக்யே வான் அண்டல்-ஷிப்பர், நெதர்லாந்துக்காரர். உலகின் மிக வயதானவர் என்ற பெயரோடு 2005-இல் 115 வயதில் இறந்தார். உடலை ஆய்வுக்கு எழுதி வைத்திருந்தார். அவர் ரத்தத்தை ஆராய்ந்த முடிவு 2014-இல் வந்தது. கடைசிக் காலத்தில் அவருடைய வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இரண்டே இரண்டு குருத்தணுக்களின் வாரிசுகள். ஊருக்கெல்லாம் இரண்டே அடுப்பு! அந்த அடுப்புகளில் நூற்றுக்கணக்கான பிழைகள் சேர்ந்திருந்தும் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வரவில்லை. இந்தப் பாட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயம் வரும்போது தேவைப்படுவார்.

ஒரு குடும்பம் மட்டும் ஏன் பெருக்க வேண்டும்? அதற்கான தடயம் பெண்களின் ரத்தத்திலிருந்து கிடைத்தது. பெண்ணின் ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒன்றை அணுவே பூட்டிவிடும் என்று மேரி லயன் 1961-இல் சொன்னார். எதைப் பூட்டுவது என்பது கருவிலேயே குருட்டாம்போக்கில் முடிவாகிறது. ஆகவே ஒரு பெண்ணின் ரத்தத்தில் சுமார் பாதி அணுக்களில் தாய் தந்த எக்ஸும் மீதியில் தந்தை தந்த எக்ஸும் வேலை செய்ய வேண்டும். 1996-இல் லாம்பர் பூஸ்க் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் பார்த்தபோது, வயதான பெண்கள் பலரிடம் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய வேண்டுமானால் யாரோ சிலர்தான் நிறையச் சமைத்திருக்க வேண்டும். பதினாறு வருடம் கழித்து, 2012-இல், அவரே விடையின் நுனியையும் பிடித்தார்: அப்படிச் சாய்ந்திருந்த 182 பெண்களில் 10 பேரிடம் டெட்2 என்ற மரபணு கெட்டுப்போயிருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிற பழுது அது. இந்தப் பெண்களுக்கோ புற்றுநோய் இல்லை.

2014 டிசம்பரில் கதவு முழுதாகத் திறந்தது. சித்தார்த்த ஜெய்ஸ்வால் என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளரும் அவரது குழுவினரும், வேறு ஆய்வுகளுக்காகச் சேகரித்திருந்த 17,182 பேரின் ரத்த மரபணுத் தகவலைத் திரும்பப் புரட்டினார்கள். அவர்கள் யாருக்கும் ரத்தப் புற்றுநோய் இருப்பதாகத் தெரிந்திருக்கவில்லை. நாற்பதுக்குக் கீழ் ஏறக்குறைய யாரிடமும் பிழைக் குடும்பம் இல்லை. எழுபதைத் தாண்டியவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் இருந்தது. தொண்ணூறைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம். பின்னால் இன்னும் நுட்பமான கருவியால் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் இருபது பேரைப் பார்த்தபோது 19 பேரிடம் பொடிப்பொடியாக ஏதோ ஒன்று தென்பட்டது. அப்புறம் இதை நோய் என்று எப்படிச் சொல்வது? நரையை நோய் என்கிறோமா?

பெயர் வைத்தவர்களுக்கும் அந்தக் குழப்பம் இருந்திருக்க வேண்டும். 2015-இல் வைத்த நீண்ட பெயரைச் சுருக்கினால் 'சிப்'. விரித்தால் 'என்ன ஆகும் என்று சொல்ல முடியாத ஒற்றைக் குடும்ப ரத்த உற்பத்தி' என்ற மாதிரி வரும். மருத்துவத்தில் இவ்வளவு நேர்மையான பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிழை விழுவது பெரும்பாலும் மூன்று மரபணுக்களில்: டி.என்.எம்.டி.3ஏ, டெட்2, ஏ.எஸ்.எக்ஸ்.எல்1. முதல் இரண்டும் டி.என்.ஏ.வின்மேல் சிறு குறிகளை வைப்பதும் எடுப்பதுமான வேலை பார்ப்பவை. எந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கலாம், எதை மூடி வைக்கலாம் என்று அந்தக் குறிகள்தான் சொல்லும். குருத்தணு எப்போது தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற வேண்டும், எப்போது வளர்ந்து வெள்ளையணுவாகி வேலைக்குப் போக வேண்டும் என்பது இந்தக் குறிகளில் எழுதப்பட்டிருக்கிறது. குறி கலைந்தால் பிள்ளை வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்துவிடுகிறது, வீடு பெருக்கிறது. வேகமெல்லாம் கிடையாது. ஆண்டுக்குச் சில சதவீத வட்டி. ஆனால் கூட்டு வட்டி. நாற்பது வருடம் விட்டுவைத்தால் கந்துவட்டிக்காரன்கூட ஆச்சரியப்படுவான். சிலருக்கு இந்தப் பிழை சிறுவயதிலேயே, ஜே.ஏ.கே.2 என்ற மரபணுவில் என்றால் தாயின் வயிற்றிலேயேகூட, விழுந்திருக்கிறது என்று வம்சாவளிக் கணக்கு காட்டுகிறது.

நோய் எதிர்ப்பு அணுக்களின் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. கெட்ட குருத்தணுவின் பிழை அதோடு நிற்பதில்லை. அது பெற்ற ஒவ்வொரு நியூட்ரோஃபிலிலும் மோனோசைட்டிலும் அதே பிழை. மோனோசைட் என்ற வெள்ளையணு திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜ் ஆகும். குப்பையையும் கிருமியையும் விழுங்குகிற துப்புரவுப் பணியாளர் அது. டெட்2 கெட்ட மேக்ரோஃபேஜ் முன்கோபி. சின்னச் சீண்டலுக்கே இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சி ரசாயனங்களை வாரி இறைக்கும். 2017-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள்; அதே ஆண்டு மனிதர்களிடம், இந்தப் பிழைக் குடும்பம் உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றும் தெரியவந்தது. புற்றுநோயைத் தேடிப் போனவர்கள் மாரடைப்பில் வந்து நின்றார்கள்.

இன்னும் ஒரு திருப்பம் உண்டு. அழற்சி கூடும்போது நல்ல குருத்தணுக்கள் களைத்து ஒதுங்குகின்றன. கெட்டவற்றுக்கு அந்தச் சூடு உறைப்பதில்லை. தான் மூட்டிய புகையில் தான் மட்டும் கண் கலங்காமல் நிற்கிற அடுப்பு. மற்ற சமையற்காரர்கள் இருமிக்கொண்டே பந்தலை விட்டுப் போய்விட, கூட்டம் முழுக்க அதனிடம். 2018-இல் சிகாகோ ஆய்வாளர்கள் டெட்2 இல்லாத எலிகளைப் பார்த்தார்கள். குடலிலிருந்து கசிந்த பாக்டீரியாக்கள் கிளப்பிய அழற்சிதான் வெள்ளையணுக்களைப் பெருக வைத்தது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் பெருக்கம் அடங்கியது. முதுமையில் உடம்பெங்கும் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும் லேசான அழற்சிக்கு 2000-த்திலேயே இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி தனிப்பெயர் வைத்திருந்தார். ஈறு வீக்கம், ஆறாத புண், தொப்பை, புகை என்று எல்லாமே அந்தத் தணலுக்குச் சுள்ளி.

கூடவே காவலும் தளர்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களின் பள்ளிக்கூடம். இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். புது டி அணுக்கள் வருவது குறையும். மஜ்ஜையின் நாட்டமும் டி, பி அணுக்களை விட்டு நியூட்ரோஃபில் பக்கமாகச் சாயும். வழி தவறிய அணுவைப் பார்த்ததும் பிடிக்க ஆள் போதாது. ஆண்களுக்கு இன்னொரு வேடிக்கை: வயதாக ஆக வெள்ளையணுக்கள் ஒய் குரோமோசோமையே தொலைக்கின்றன. 2 லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண்களைப் பார்த்ததில், எழுபது வயதில் பத்தில் நால்வருக்கு ஓரளவு அணுக்களில் ஒய் இல்லை. புகைப்பவர்களிடம் இது இன்னும் அதிகம்.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். ஒற்றைப் பிழை போதாது. பெருத்துவிட்ட குடும்பத்தில் ஏதோ ஓர் அணுவில் இரண்டாவது பிழை, பெரும்பாலும் என்.பி.எம்.1 அல்லது எஃப்.எல்.டி.3 மரபணுவில், விழ வேண்டும். அப்போதுதான் வளர மறுக்கும் இளம் அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரத்தில் ஆளைச் சாய்க்கும் தீவிர ரத்தப் புற்றுநோயாகின்றன. வீட்டாருக்கு அது இடி விழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் அது பல ஆண்டுகளாகப் பெய்த தூறல். 2018-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், பிற்பாடு இந்நோய் வந்தவர்கள் ஆரோக்கியமாக இருந்தபோதே கொடுத்து வைத்திருந்த ரத்தத்தை உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தன. ஒன்றில் ஆறு ஆண்டுக்கும் மேல், மற்றதில் ஒன்பது ஆண்டுக்கும் மேல் முன்பாகவே பிழைகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒரு ஆய்வில், டி.பி.53 என்ற மரபணுவில் பிழை இருந்த 21 பேருக்கும் நோய் வந்தது. அந்த ஆய்வுகளில் ஒன்று, வருமுன் தெரியும் அடையாளமாக யாரும் படிக்காத அந்த ஆர்.டி.டபிள்யூ வரியையும் சுட்டியது.

பயம் வருகிறதல்லவா? பாட்டியைக் கூப்பிடுங்கள். பிழைக் குடும்பம் உள்ளவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் அபாயம் பத்து மடங்குக்கு மேல் என்று ஜெய்ஸ்வால் குழு சொன்னது நிஜம். ஆனால் அடிப்படை அபாயமே மிகச் சிறியது. பத்து மடங்கான பிறகும் அது ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம்தான். இருநூறு பேரில் ஒருவர் அல்லது இருவர். மற்றவர்கள் அதோடு வாழ்ந்து, வேறு ஏதோ ஒன்றில் போய்ச் சேர்வார்கள். 2023-இல் வந்த ஒரு முடிவு இன்னும் விசித்திரம்: இந்தக் குடும்பங்கள் உள்ளவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் குறைவாகவே வருகிறது. முன்கோபி மேக்ரோஃபேஜ்கள் மூளையில் குப்பையை மும்முரமாகக் கூட்டுகின்றனவோ என்று ஊகிக்கிறார்கள். எனவே ஆரோக்கியமாக இருக்கும் எழுபது வயதுக்காரர் பல ஆயிரம் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்து என்ன செய்யப் போகிறார்? அதை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. வைட்டமின் சி, டெட்2 கெட்ட எலிகளுக்கு உதவியது. அதைப் படித்துவிட்டு நெல்லிக்காய் லேகியம் விற்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். புகையை விடுவதும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பைப் பிடித்து வைப்பதும்தான் இன்றைக்கு உருப்படியான வேலை, முக்கியமாக இதயத்துக்காக.

எனக்கு இருக்கும் கவலை வேறு. அமெரிக்காவில் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் கண்டறியப்படும் நடு வயது 68 வாக்கில். நம் பெரிய மருத்துவமனைகளின் பதிவுகளில் அது நாற்பதை ஒட்டியே நிற்கிறது. நம் நாட்டில் இளைஞர்கள் அதிகம் என்பது ஒரு காரணம். வயதானவர்கள் அங்கே போய்ச் சேர்வதே இல்லை என்பது இன்னொன்று என்று நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டுச் சராசரி 8.6. அந்த எண்ணிக்கை அதன் பிறகு ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. 'வயசாயிடுச்சு இல்ல' என்ற வாக்கியம் எத்தனை ரத்தச் சோகைகளை மூடி வைத்திருக்கிறதோ.

திருவண்ணாமலையில் முதுமையும் புற்றுநோயும் சேர்ந்து பேச்சில் வந்தால் ரமணர் பெயர் வராமல் இருக்காது. அவருக்கு வந்தது இடக்கையில் சார்கோமா. திசுவில் பிறக்கும் புற்று, ரத்தத்தில் பிறப்பதல்ல. நான்கு முறை அறுவை செய்தும் திரும்ப வந்து, 1950 ஏப்ரல் 14 அன்று எழுபதாவது வயதில் மறைந்தார். ரத்தப் புற்று அப்படிக் கட்டியாகக் கண்ணில் படாது. களைப்பாக, ஈறில் கசிவாக, தோலில் ஊதாப் புள்ளிகளாக, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக வரும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்த படி வேலூர். போளூர், கண்ணமங்கலம் வழியாகச் சாலையில் எண்பது கிலோமீட்டர் சொச்சம்; விழுப்புரம்–காட்பாடி ரயிலும் உண்டு. அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் மும்பை டாடா மருத்துவமனை நாட்டிலேயே முதலாவதாகச் செய்திருந்தது. மஜ்ஜைப் பரிசோதனை என்றதும் பலர் முதுகுத்தண்டில் ஊசி என்று மிரள்கிறார்கள். அப்படியில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பின்பக்க இடுப்பெலும்பின் மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியைத் திருகி இறக்குவார்கள். உறிஞ்சும் அந்த ஓரிரு நொடி மட்டும் சுரீரென்று இழுக்கும்.

மாற்று சிகிச்சையிலும் முதுமை ஒரு கேள்வி வைக்கிறது. அறுபத்தைந்து வயது நோயாளிக்கு மஜ்ஜை கொடுக்க முன்வருபவர் பெரும்பாலும் அறுபத்திரண்டு வயதுத் தங்கையோ அறுபத்தெட்டு வயது அண்ணனோ. அவர்களுடைய மஜ்ஜையிலும் ஒரு குடும்பம் ஓசையில்லாமல் பெருத்திருக்கலாம். அது நோயாளிக்குள் குடியேறிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. மாற்று சிகிச்சை தாங்காத உடம்புக்கு அசசிட்டிடின் ஊசியும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரையும் 2020-இலிருந்து வழிகாட்டுகின்றன. அந்த ஆய்வில் இருந்தவர்களின் நடு வயது 76. பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக நீண்டது. ஐந்து மாதம். பேத்தி கல்யாணம் வரை என்று கேட்பவர்களுக்கு அது சின்ன எண் இல்லை.

மஞ்சள் பைப் பெரியவருக்கு டாக்டர் பி12 பார்த்தார், குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியிருந்தது, தட்டணு அப்படியேதான். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், இறங்கினால் வேலூர் என்று சொல்லியிருக்கிறார். டெக்னீஷியன் புதிய தகட்டை உலர்த்தி, ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி, மரப்பெட்டியில் பழைய தகட்டுக்குப் பக்கத்துக் குழியில் செருகினார். "அடுத்த பௌர்ணமிக்கு நடக்கலாமாப்பா?" என்றார் பெரியவர் வாசலில் நின்றபடி.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உன்னயே கேக்கச் சொல்லல" என்று சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.